விட்டுப்போன ஒரு வரி

ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காசைக் கொடுத்தோமா, பில்லை வாங்கினோமா, மிச்சச் சில்லறையைச் சட்டைப்பையில் போட்டோமா என்று வந்துவிடாதீர்கள். ஒரு நோட்டரி வக்கீலைக் கையோடு கூட்டிப் போங்கள். இந்தப் பேட்டரி ரேடியோவுக்குத்தான், அல்லது பையனின் பொம்மைக் காருக்குத்தான், வேறெதற்கும் இல்லை என்று பத்திரத்தில் எழுதி, கடைக்காரரையும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வேறொருவர் கேட்டு வாங்கித் தருகிறீர்கள் என்றால் அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுவது உத்தமம். சிரமம்தான். ஆனால் 31 வருஷச் சிறையை நினைத்துப் பார்த்தால் நோட்டரிக்குக் கொடுக்கிற காசு சல்லிசு.

பேரறிவாளனுக்கு 1991-ல் இதைச் சொல்ல ஆளில்லை. அப்போது அவருக்கு வயது 19. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களும், மாலை போட வரிசையில் நின்ற கட்சிக்காரர்களும் அவரோடு சிதறிப்போனார்கள். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் கிடையாது. கொன்றவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்த வேண்டியது அரசின் கடமை. அதனால்தான் பிறகு நடந்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஜூன் 11 அன்று பேரறிவாளனை அழைத்துப் போனார்கள். விசாரித்துவிட்டு மறுநாளே அனுப்பிவிடுவோம் என்று அதிகாரிகள் சொன்னதாக அவருடைய தாயார் அற்புதம்மாள் ஏறாத மேடையெல்லாம் ஏறிச் சொல்லியிருக்கிறார். போலீஸ் பஞ்சாங்கத்தில் அந்த மறுநாள் 2022 மே 18-ல் விழுந்தது.

அவர் மீதிருந்த குற்றச்சாட்டின் சாரம் இது: இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கி, கொலைத் திட்டத்தின் சூத்திரதாரியான சிவராசனிடம் கொடுத்தார், அவை கொலையாளி இடுப்பில் கட்டிய வெடிகுண்டை வெடிக்கச் செய்யப் பயன்பட்டன. பேட்டரி வாங்குவது அன்றைய இ.பி.கோ.வில் குற்றம் இல்லை. எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பது மட்டும்தான் கேள்வி. தெரியும் என்றால் தூக்கு. தெரியாது என்றால் வீட்டுக்குப் போகலாம். ஒரு மனிதனின் மண்டைக்குள் 1991 மே மாதம் என்ன இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் அதற்கு எளிய வழி உண்டு. போலீஸ் அதிகாரியே எழுதிக்கொண்டால் போயிற்று.

வெள்ளைக்காரன் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவன். 1872-ல் அவன் போட்ட சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. தானே சம்பளம் கொடுத்து வைத்திருந்த போலீஸை அவன் அந்த அளவுக்குத்தான் நம்பினான். சுதந்திரம் கிடைத்து நாற்பது வருஷத்தில் நமக்கு நம்பிக்கை பெருகிவிட்டது. பயங்கரவாதத்தைத் தடுக்க என்று கொண்டுவந்த 1987-ன் தடா சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்றை வைத்தோம். எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். இன்ஸ்பெக்டர் அடிப்பார், எஸ்.பி. அடிக்க மாட்டார் என்பது இதன் தத்துவம். தோளில் அசோகச் சின்னம் ஏறினால் கை தானாகவே சுத்தமாகிவிடும் போலிருக்கிறது. சாதாரண வழக்கில் 15 நாளுக்கு மேல் போலீஸ் காவல் இல்லை. தடாவில் 60 நாள். அத்தனை நாள் போலீஸ் விருந்தோம்பலில் இருந்துவிட்டு ஒருவர் மனமுவந்து பேசுகிறார் என்றால் அது தானாக வந்த பேச்சு என்று நாம் நம்ப வேண்டும். ஒலிநாடாவில் பதியலாம் என்றும் அதே பிரிவு வாய்ப்புக் கொடுத்தது. இங்கே பேனாதான் ஓடியது. பேனாவில் ஒரு சௌகரியம், அது கேட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்தப் பேனாவைப் பிடித்திருந்தவர் சி.பி.ஐ. எஸ்.பி. வி.தியாகராஜன். வழக்கின் 17 ஒப்புதல் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவர் அவர்தான். பணி ஓய்வுக்குப் பிறகு, 2013 நவம்பரில், ஓர் ஆவணப்படத்துக்காகக் கேமரா முன் உட்கார்ந்து அவர் சொன்னது நாட்டுக்கே தெரியும். பேட்டரிகள் எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னார். அதை அப்படியே எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாக நிற்காது. ஆகவே அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தன் விளக்கத்தைச் சேர்த்து எழுதினார். அதற்காக இப்போது வருந்துகிறார்.

நிதானமாகத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளாததை எழுதினால் ஒப்புதல் ஆகாது, அதனால் ஒப்புக்கொண்டதாக எழுதினேன் என்கிறார் அதிகாரி. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. படிவத்தின் தலைப்பு ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று அச்சடித்திருக்கும்போது, உட்கார்ந்திருப்பவன் ஒப்புக்கொள்ள மறுத்தால் படிவத்தையா மாற்ற முடியும்? ஆளைத்தான் மாற்ற வேண்டும். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைத் தாளில் ஏற்ற மை செலவாகியிருக்காது. அதை விட்டதற்குத்தான் ஒரு தூக்குக் கயிறு செலவானது.

தியாகராஜனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. 22 வருஷம் கழித்தாவது வாய் திறந்தார். 2017-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பிரமாணப் பத்திரமும் போட்டார். 1991 மே 7 அன்று சிவராசன் விடுதலைப் புலிகளின் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய வயர்லெஸ் செய்தியில், எங்கள் நோக்கம் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இருந்ததையும் அதில் எடுத்துக்காட்டினார். செய்தவரே சொல்லிவிட்டார். என் கோபம் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தவர்கள் மேல். பதினேழில் ஒன்றில் வெட்டி ஒட்டியதாக எழுதியவரே சொல்கிறாரே, மீதிப் பதினாறு எப்படி என்று ஒரு பேச்சுக்காவது கேட்க வேண்டாமா?

சரி, நீதிமன்றங்கள் என்ன செய்தன? பூந்தமல்லி தடா நீதிமன்றம் மூடிய கதவுக்குள் 288 அரசுத் தரப்பு சாட்சிகளை விசாரித்து, 1998 ஜனவரி 28 அன்று, கூண்டில் நின்ற 26 பேருக்கும் தூக்கு என்றது. இருபத்தாறுக்கு இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றால்கூட நமக்குச் சந்தேகம் வரும். தடா வழக்கில் மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான்; நடுவில் உயர் நீதிமன்றம் என்ற படியே இல்லை. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது, மூவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. பேரறிவாளன் அந்த நால்வரில் ஒருவர். அதாவது 26 கயிறுகளில் 22 தப்பு என்று மேலிடமே சொல்லிவிட்டது. மீதி நாலும் சரிதான் என்று அதே மூச்சில் எப்படித்தான் அவ்வளவு திடமாகச் சொல்ல முடிந்ததோ!

அதே தீர்ப்பில் இன்னொரு ரத்தினம் உண்டு. இந்தக் கொலை தடா சட்டம் சொல்கிற பயங்கரவாதச் செயல் அல்ல என்று நீதிபதிகள் முடிவு செய்து, எல்லோரையும் தடா குற்றங்களிலிருந்து விடுவித்தார்கள். அப்படியானால் தடாவின் பேரில் எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்கள்? அவை மட்டும் செல்லும். கொலைக் குற்றத்துக்கு அவற்றைச் சாட்சியமாகக் கொள்ளலாம். கல்யாணம் செல்லாது, வாங்கிய வரதட்சணை செல்லும் என்கிற மாதிரி. தடாவே 1995-ல் காலாவதியாகிப் போனது. தவறான சட்டம் என்று நாடே காறித் துப்பித்தான் அதைச் சாகவிட்டார்கள். அப்படிச் செத்த சட்டத்தின் 15-வது பிரிவு எழுந்து வந்து, வேறு சட்டத்தின் கீழ் நால்வருக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டுப் போனது.

இந்த இடத்தில் கண்ணகியைக் கூப்பிடுவது தமிழ்நாட்டுக் கட்டுரையாளனின் வழக்கம். நான் பொற்கொல்லனைக் கூப்பிடுகிறேன். சிலப்பதிகாரத்தில் அவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கண்ணகிதான் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது. இங்கே அவனே அரசவைக்கு வந்து, “ஐயா, கோவலன் வேறு மாதிரி சொன்னான், நான்தான் கொஞ்சம் விட்டுவிட்டேன்” என்கிறான். உடைக்கச் சிலம்பே தேவையில்லை. பாண்டியன் சட்டம் படிக்காதவன், கேட்டதும் உயிரை விட்டான். நம் அவை படித்தது. 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்ட பேரறிவாளனின் மனுவை சி.பி.ஐ. எதிர்த்தது, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொற்கொல்லன் வாக்கு கோவலனுக்கு எதிராக வந்தபோது தங்கம், ஆதரவாக வந்தபோது பித்தளை.

இன்னொன்றும் உண்டு. ராஜீவ் கொலையின் பெரிய சதியை விசாரிக்க ஜெயின் கமிஷன் பரிந்துரைப்படி 1998-ல் பல்நோக்குக் கண்காணிப்பு முகமை என்று ஒன்றை அமைத்தார்கள். அந்த வெடிகுண்டைத் தயாரித்த சதி பற்றி என்ன கண்டுபிடித்தீர்கள் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சி.பி.ஐ.யைக் கேட்க வேண்டியிருந்தது. குண்டைப் பற்றிய விசாரணை கால் நூற்றாண்டு தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. பேட்டரி வாங்கியவருக்கு மட்டும் எதற்கென்று அன்றே தெரிந்திருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேட்டரி இல்லாமல் குண்டு வெடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். குண்டே இல்லாமல் வழக்கு வெடித்ததுதான் விந்தை. ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை யாரும் செய்துவிட முடியாது.

கருணை மனு குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனது 2000 ஏப்ரலில். நிராகரித்த செய்தி வந்தது 2011 ஆகஸ்டில். பதினோரு வருஷம் அந்தக் கோப்பு எந்த மேஜையில், எந்தக் கோப்பின் அடியில் கிடந்ததோ. அந்த நால்வரில் பேரறிவாளன் உட்பட மூன்று பேரைத் தூக்கில் போட 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். அதை எதிர்த்து ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். 30-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது; அன்றைக்கே சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது சொன்ன காரணம் என்ன? கருணை மனுவை அரசு தாமதப்படுத்திவிட்டது என்பது. வாக்குமூலத்தில் ஒரு வரியை விட்டேன் என்று அதிகாரி சொல்லி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த உயிரைக் காப்பாற்றியது உண்மை இல்லை, டெல்லி தூசி. ஒழுங்காகக் கோப்பு பார்க்கிற குமாஸ்தா ஒருவர் அங்கே இருந்திருந்தால் பேரறிவாளன் 2001-லேயே தொங்கியிருப்பார்; தியாகராஜனின் வருத்தம் அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டிருக்கும்.

இந்தத் திறமை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2011 செப்டம்பரில், 21-ம் தேதி இரவு, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ட்ராய் டேவிஸ் என்ற கறுப்பினத்தவரை ஊசி போட்டுக் கொன்றது. 1989-ல் சவான்னா நகரில் மார்க் மெக்ஃபெய்ல் என்ற போலீஸ்காரரைச் சுட்டதாக வழக்கு. துப்பாக்கி கிடைக்கவே இல்லை. போலீஸ் அல்லாத முக்கிய சாட்சிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் பிறகு தங்கள் சாட்சியத்தைத் திரும்பப் பெற்றார்கள் அல்லது மாற்றிச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தனக்குப் படிக்கவே தெரியாது, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன் என்றார். 2010-ல் மறுபடி கேட்ட நீதிபதி, புதிய சான்றுகளில் பெரும்பகுதி கண்கட்டு வித்தை என்று ஒதுக்கினார். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா எழுதிய மாற்றுத் தீர்ப்பு இன்னும் பச்சையானது: முறைப்படி விசாரணை நடந்து முடிந்த பிறகு ஒருவர் நிரபராதி என்று காட்டினாலும், அவரைக் கொல்லக் கூடாது என்று இந்த நீதிமன்றம் இதுவரை சொன்னதில்லை என்றார். மனுஷன் ஒளிக்காமல் சொன்னார், அதற்காகவாவது ஒரு கும்பிடு போடலாம். நம்மவர்கள் இதையே செய்வார்கள், சொல்லத்தான் மாட்டார்கள்.

ஜார்ஜியாவிலும் பூந்தமல்லியிலும் விதி ஒன்றுதான். போலீஸ் முன்னால் உட்கார்ந்து சொன்னது உண்மை. வெளியே வந்து அதே வாய் சொன்னால் பொய். மாற்றிப் பேசுகிறவனை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவன் நம்பத்தகாதவன் என்றால், அவன் முதலில் சொன்னதை வைத்து எப்படித் தூக்கில் போட்டீர்கள்?

இனி ஆளுநர் மாளிகை. 2018 செப்டம்பர் 9 அன்று 1999-ல் தூக்கும் ஆயுளும் பெற்ற ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரை செய்தது. அமைச்சரவை சொன்னால் ஆளுநர் கேட்க வேண்டும் என்பது இதே வழக்கில் 1999-லேயே சென்னை உயர் நீதிமன்றம் நடத்திய பாடம். கிண்டி மாளிகையில் பாடத்தை மறந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கோப்பை அடைகாத்துவிட்டு, 2021 தொடக்கத்தில், இது என் வேலை இல்லை, குடியரசுத் தலைவரின் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். தன் வேலை எது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆளுநருக்கு இரண்டு வருஷம் ஆகிறது. பேட்டரி எதற்கென்று 19 வயசுப் பையனுக்கு மட்டும் வாங்கிய நிமிஷமே தெரிந்திருக்க வேண்டும்.

2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. மற்ற ஆறு பேரும் நவம்பரில் வெளியே வந்தார்கள். ஊரெல்லாம் பட்டாசு. பட்டாசுப் புகையில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போனது: யாரும் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. ஆளுநர் தாமதித்தது தப்பு, போதும் இருந்தது, போகலாம் என்றார்கள். தண்டனை முடிந்தது, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

தடாவின் 15-வது பிரிவும் எங்கும் போய்விடவில்லை. 2002-ல் பொடா சட்டத்துக்குள் புகுந்தது. பொடா 2004-ல் போனது. மகாராஷ்டிரத்தின் மகோகா சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் பேனா இன்றும் செல்லும். 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் அந்தப் பேனா எழுதிய வாக்குமூலங்களையும் வைத்துத்தான் 2015-ல் 12 பேரைத் தண்டித்தார்கள், ஐந்து பேருக்குத் தூக்கு. வேறு வேறு ஆட்கள் கொடுத்ததாகச் சொன்ன வாக்குமூலங்களில் பத்தி பத்தியாக ஒரே வாசகம் இருந்ததைப் பம்பாய் உயர் நீதிமன்றம் கண்டது. கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களையும் நம்பவில்லை. 2025 ஜூலை 21 அன்று 12 பேரையும் விடுவித்தது. ஒருவர் அதற்குள் 2021-ல் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: வெளியே வந்தவர்கள் வெளியிலேயே இருக்கட்டும், ஆனால் இந்த விடுதலைத் தீர்ப்பை வேறு வழக்கில் யாரும் முன்மாதிரியாகக் காட்டக் கூடாது. ‘தெரியாது’ என்ற வரி விட்டுப்போன வாக்குமூலத்தின் மேல் நிற்கிற 1999 தீர்ப்புக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. வக்கீல்கள் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டலாம், காட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.